பிரேக் ஆயில் குறைகிறது: ஊற்றிக்கொண்டே இருப்பதா, ஹோஸை மாற்றுவதா?

22 வருடம் ஓடிய கார். வளைவில் திரும்பும்போது பிரேக் எச்சரிக்கை விளக்கு மினுக்கியது. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தால் ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்திருந்தது. மேல்கோடு வரை ஊற்றினீர்கள். மூன்று வாரத்தில் மறுபடி ஒரு விரல் அளவு இறங்கிவிட்டது. தரையில் ஒரு சொட்டும் இல்லை. முன் சக்கரங்களுக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாய்களில், அதாவது ஹோஸ்களில், வெடிப்பு தெரிகிறது. ‘ஹோஸை நானே மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா?’ என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆயில் எங்கே போகிறது என்பது ஒன்று. ஹோஸுக்கு வயதாகிவிட்டதா என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் சுலபம்: வெடிப்பு தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதை மாற்றியதும் ஆயில் இறங்குவது நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஹோஸிலிருந்து ஆயில் வெளியே வந்தால் ஹோஸே ஈரமாக இருக்கும், டயரின் உட்பக்கம் நனைந்திருக்கும். வறண்ட வெடிப்பு இருக்கும் ஹோஸ், உங்கள் ஆயிலைக் குடித்த ஹோஸ் அல்ல.

டப்பாவில் உள்ள ஆயில் செலவாகும் பொருள் அல்ல. என்ஜின் ஆயில் கொஞ்சம் எரியும், ரேடியேட்டர் தண்ணீர் கொஞ்சம் ஆவியாகும். பிரேக் ஆயில் இரண்டும் செய்யாது. அது மூடிய குழாய்க்குள் இருக்கிறது. அளவு இறங்கினால் இரண்டே காரணம்தான்: ஒன்று, பேட் (சக்கரத்தோடு சுற்றும் தட்டை அழுத்தும் பிரேக் கட்டை) தேய்ந்து, அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் வெளியே நகர்ந்து, அதன் பின்னால் உண்டான இடத்தை ஆயில் நிரப்பியிருக்க வேண்டும், அல்லது எங்கோ வெளியே போயிருக்க வேண்டும். ஆகவே அந்த டப்பாவை ஒரு மீட்டராகப் பாருங்கள். காரணம் தெரியாமல் ஊற்றினால் மீட்டரின் முள்ளைக் கையால் தள்ளி வைத்தது போலத்தான்.

பேட் தேய்ந்தால் எவ்வளவு இறங்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். முன் காலிப்பரில் 54 மில்லிமீட்டர் பிஸ்டன் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு ஏறத்தாழ 23 சதுர சென்டிமீட்டர். இரண்டு பேடும் ஆளுக்கு 8 மில்லிமீட்டர் தேய்ந்தால், ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள நழுவும் வகைக் காலிப்பரில் பிஸ்டன் மொத்தம் 16 மில்லிமீட்டர் வெளியே வரும். 23ஐ 1.6ஆல் பெருக்கினால் ஒரு சக்கரத்துக்கு 37 மில்லி, இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 70 மில்லிக்கு மேல். பல டப்பாக்களில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே விட்டிருக்கும் இடம் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான். பின்னால் டிரம் பிரேக் என்றால், உள்ளே ஷூக்களைத் தள்ளும் அதன் வீல் சிலிண்டர் மிகச் சிறியது. 19 மில்லிமீட்டர் சிலிண்டரில் இரு பக்க ஷூவும் 3 மில்லிமீட்டர் தேய்ந்தாலும் 2 மில்லி கூட வராது. ஆகவே மெல்ல மெல்ல, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, கீழ்க்கோட்டை நெருங்கியிருந்தால் முதலில் பேடின் தடிமனைப் பாருங்கள், ஊற்ற வேண்டாம். ஊற்றினால் புதுப் பேட் போடும் அன்று பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அத்தனையும் டப்பாவிலிருந்து பொங்கி வழிந்து பெயிண்ட்டை உரிக்கும்.

உங்கள் கதை அதுவல்ல. மூன்று வாரத்தில் ஒரு விரல் இறங்குவது எந்தப் பேட் தேய்மானத்திலும் நடக்காது. இது கசிவு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த இடம் என்பதுதான் காரைப் பார்க்காமல் சொல்ல முடியாதது. தரையில் சொட்டு விழாமல் ஆயில் ஒளிந்துகொள்ளும் இடங்கள் சில உண்டு. அவற்றை வரிசையாகத் தேடலாம்.

முதல் இடம் பின் சக்கர டிரம். வீல் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்தால் ஆயில் டிரம்முக்குள்ளேயே தங்கி, பிரேக் தூசியோடு கலந்து கறுப்புக் கூழாகிவிடும். தரைக்கு வர வெகுநாள் ஆகும். டிரம்மைக் கழற்றி, சிலிண்டரின் இரு முனையிலும் உள்ள ரப்பர் மூடியை மெல்ல விலக்கிப் பாருங்கள். லேசான ஈரப்பசை பழைய சிலிண்டரில் இருக்கலாம், அது கசிவு ஆகாது. விலக்கியதும் வழிந்தால் சிலிண்டர் போய்விட்டது. உள்ளே குழி விழுந்திருந்தால் ரப்பர் கிட் மட்டும் போட்டுப் பயனில்லை. குழியில் உரசிப் புது ரப்பரும் சில மாதத்தில் கிழியும், முழு சிலிண்டரையே மாற்றுவதுதான் வழி. ஆயில் பட்ட ஷூவையும் தூக்கிப் போட வேண்டும், இரு பக்கமும் சேர்த்து. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பெட்ரோலில் கழுவுவது, நெருப்பில் காட்டுவது என்று பல வைத்தியம் சொல்வார்கள். ஷூவின் மேல் ஒட்டிய லைனிங் கடற்பஞ்சு மாதிரி. மேலே காய்ந்தாலும் சூடேறியதும் உள்ளே இருப்பது வெளியே வரும், ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி இழுக்கும்.

இரண்டாவது இடம், பலர் தேடாத இடம்: பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கம். அங்குள்ள கடைசி ரப்பர் கசிந்தால் ஆயில் நேராக, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் வேக்குவம் பூஸ்டருக்குள் போய்விடும். வெளியே ஒன்றும் தெரியாது. பூஸ்டரின் முன் முகத்தில், மாஸ்டர் சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே, பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் என்ஜினை அணைத்து, வேக்குவம் போகும்வரை பெடலைப் பலமுறை மிதித்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளைக் கழற்றுங்கள். பைப்பைக் கழற்றாமலே, அவை வளைந்து கொடுக்கும் அளவுக்குச் சிலிண்டரை முன்னால் இழுத்துப் பார்க்கலாம். பின்னால் ஈரம் இருந்தால் திருடன் கிடைத்துவிட்டான். கசிவு அதிகமானால் என்ஜின் அந்த ஆயிலை வேக்குவம் குழாய் வழியாக உறிஞ்சி எரிக்கும். வெள்ளைப் புகை வரும், ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று நினைத்து வேறு எங்கோ தேடுவார்கள்.

கிளட்ச்சும் ஆயிலில் வேலை செய்கிற வண்டியாக இருந்து, இரண்டுக்கும் ஒரே டப்பா என்றால் கிளட்ச் பக்கத்தையும் விடாதீர்கள். கிளட்ச் மாஸ்டர் கசிந்தால் உள்ளே பெடலுக்கு மேலே ஈரமாகி, கால்மிதியடி நனையும். அது ரப்பர் விரிப்புக்குக் கீழே போனால் மாதக்கணக்கில் தெரியாது. இப்படிப்பட்ட டப்பாக்களில் கிளட்ச்சுக்குப் போகும் குழாய் மேலே இருக்கும், பிரேக்குக்கு உள்ள பங்கு கீழே தங்கும். ஆகவே ஒரு மட்டத்தோடு இறங்குவது நின்றுவிட்டது, ஆனால் கிளட்ச் கியர் போட விடவில்லை என்றால் பழி கிளட்ச் மேல்.

மற்ற இடங்கள் சட்டென்று பார்த்து முடிப்பவை: டப்பா மாஸ்டர் சிலிண்டரில் உட்காரும் ரப்பர் வளையங்கள், காலிப்பர் பிஸ்டனைச் சுற்றி, பிளீடர் நிப்பிள் (உள்ளே உள்ள காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு). இரும்புப் பைப்புகளை மட்டும் அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். அவை நடுவில் துருப்பிடிப்பதைவிட, பாடியோடு பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில், ஈரமும் மண்ணும் தங்கும் இடத்தில்தான் அரித்துப் போகும். கிளிப்பைத் திறந்து, கம்பித் தூரிகையால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். மேல்துரு போய் வழவழப்பான இரும்பு வந்தால் பரவாயில்லை. குழி குழியாக இருந்தால் அந்தப் பைப்பின் காலம் முடிந்தது.

கருவி இல்லாமல் செய்யும் ஒரு சோதனை: என்ஜின் ஓடும்போது பெடலை உறுதியாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் ஆயில் எங்கோ தப்பிக்கிறது. டப்பாவில் அளவும் குறைந்துகொண்டே வந்தால் வெளிக்கசிவு. அளவு குறையாமல் பெடல் மட்டும் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளேயே ரப்பரைத் தாண்டி ஆயில் திரும்புகிறது. பெடல் இறங்கவில்லை என்பதால் கசிவே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். சில வீல் சிலிண்டர்கள் நன்றாக மிதித்தால் இறுக மூடிக்கொண்டு, அழுத்தமில்லாமல் நிற்கும்போதுதான் கசியும்.

இடையில் ஒரு பெயர்க் கோளாறு. நாம் எல்லோரும் பிரேக் ஆயில் என்கிறோம், ஆனால் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆயிலே அல்ல. கிளைக்கால் ஈதர் வகைத் திரவம், தண்ணீரில் கரையும். பெயரை நம்பி அவசரத்துக்கு என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றியவர்கள் உண்டு. கனிம எண்ணெய் ஒரு துளி போனாலும் உள்ளே இருக்கும் ஈபிடிஎம் வகை ரப்பர் உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். பழைய வண்டியை வாங்கியவர்கள் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது: டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். முழுக்கக் கரைந்தால் சரி. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் யாரோ தவறு செய்திருக்கிறார்கள். டப்பா மூடியின் ரப்பர் உப்பிப் பெரிதாகி, உட்கார மறுப்பதும் இதற்கு அடையாளம். அப்படியானால் கழுவி ஊற்றினால் போதாது; மாஸ்டர் சிலிண்டர் ரப்பர், காலிப்பர் ரப்பர், வீல் சிலிண்டர், ஹோஸ் என்று ஆயில் தொட்ட ரப்பர் அத்தனையும் மாற வேண்டும். விதிவிலக்கு, எல்எச்எம் என்ற பச்சைக் கனிம எண்ணெய்க்காகவே செய்யப்பட்ட பழைய சிட்ரன் வண்டிகள். அவற்றில் சாதாரண பிரேக் திரவம் ஊற்றினால் இதே கெடுதல் தலைகீழாக நடக்கும்.

எதை ஊற்றுவது என்பது டாட் (DOT) என்ற தரக் குறியீட்டில் மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பிறகு 140. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. ஈரம் ஏறியது என்றால் எடையில் 3.7 சதவீதம் தண்ணீர் என்று தர விதியில் கணக்கு. டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். 4 கேட்கும் வண்டியில் 3 வேண்டாம். டாட் 5 மட்டும் வேறு சாதி: அது சிலிக்கோன், பெரும்பாலும் ஊதா நிறம், மற்றவற்றோடு சேராது. 5க்கும் 5.1க்கும் பெயரில்தான் நெருக்கம், பொருளில் இல்லை. நிறத்தை வைத்து ஆயிலின் ஆரோக்கியத்தைச் சொல்ல முடியாது. கறுத்திருந்தால் பழசு என்பது சரி, தெளிவாக இருந்தால் ஈரம் இல்லை என்பது தவறு. ஈரம் மூடி வழியாக மட்டும் வருவதில்லை, ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் மெல்ல உள்ளே ஊறும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று என்று பல தயாரிப்பாளர்கள் சொல்வது அதனால்தான். திறந்து பாதி மிஞ்சி அலமாரியில் கிடக்கும் ஆயில் பாட்டிலை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

இனி ஹோஸ். பிரேக் ஹோஸின் உள்ளே மெல்லிய ரப்பர்க் குழல், அதன் மேல் பின்னிய நூல் அடுக்குகள், வெளியே வெயிலும் தண்ணீரும் தாங்கும் ரப்பர் உறை. கடுமையாக மிதித்தால் உள்ளே அழுத்தம் 80, 100 பார் வரை போகும். அதைத் தாங்குவது நூல்தான். வெளி உறையில் தலைமுடி போன்ற வெடிப்பு மட்டும் இருந்தால் நாளையே வெடித்துவிடும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் வெடிப்பு வழியாகத் தண்ணீர் நூலுக்குப் போய் அதை இற்றுப்போகச் செய்யும். வளைத்துப் பார்க்கும்போது வெடிப்புக்குள் நூல் தெரிந்தால், யாராவது பெடலை மிதிக்கும்போது ஒரு இடம் பலூன் மாதிரி புடைத்தால், முனை உலோகத்துக்கு அருகே ஈரம் கசிந்தால், அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத கெடுதல் இன்னொன்று உண்டு. பழைய வண்டியில் ஹோஸை மாற்றச் சொல்வதற்கு என் பார்வையில் அதுதான் பெரிய காரணம். உள்குழல் ஊறி, உப்பி, உரிந்து, ஒரு நாக்கு மாதிரி தொங்கத் தொடங்கும். சில வண்டிகளில் ஹோஸை நடுவில் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைக்குள் துரு வளர்ந்து ஹோஸை நெரிக்கும். இரண்டிலும் நடப்பது ஒன்றே: மிதிக்கும்போது 100 பார் அழுத்தம் எந்தத் தடையையும் தள்ளிக்கொண்டு போய்விடும், பிரேக் பிடிக்கும். விடும்போது ஆயிலைத் திருப்பி அனுப்ப அப்படிப்பட்ட அழுத்தம் இல்லை. காலிப்பர் ரப்பர் தன் இழுவையால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பின்னுக்கு இழுக்கிறது, அவ்வளவுதான். அந்த மெல்லிய தள்ளல் நாக்கைத் திறக்காது. சக்கரம் பிடித்தபடியே சுற்றும், சூடேறும், எரிந்த வாசனை வரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இத்தனையும் டப்பாவில் ஒரு துளி குறையாமல் நடக்கும்.

காலிப்பரா ஹோஸா என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, பிரேக்கை மிதித்து விட்டு, சுற்றிப் பாருங்கள். பிடித்திருந்தால் பிளீடர் நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள். ஆயில் பீய்ச்சி சக்கரம் விடுபட்டால் அழுத்தம் மேலே எங்கோ சிறைப்பட்டிருக்கிறது. விடுபடவில்லை என்றால் பிஸ்டனோ நழுவும் பின்னோ துருவில் இறுகியிருக்கிறது, ஹோஸ் குற்றவாளி அல்ல. விடுபட்டால் நிப்பிளை மூடி, மறுபடி மிதித்துப் பிடிக்க வைத்து, இந்த முறை மாஸ்டர் சிலிண்டரில் அந்த சக்கரத்துக்குப் போகும் பைப் நட்டை லேசாகத் தளர்த்துங்கள். இங்கேயே விடுபட்டால் குறை மாஸ்டர் சிலிண்டரில், அல்லது பெடல் கம்பிக்கு இடைவெளி விடாததில். இங்கே விடுபடாமல் நிப்பிளில் மட்டும் விடுபட்டால் நடுவில் உள்ள வழி அடைத்திருக்கிறது. பெரும்பாலும் அது ஹோஸ்.

வாங்கும்போது ஜோடியாக வாங்குங்கள், ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசு என்றால் இரு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்காது, விடாது. முன்னால் இரண்டு, பின்னால் ஒரே அச்சு உள்ள வண்டியில் பெரும்பாலும் நடுவில் ஒன்று, தனித்தனி சஸ்பென்ஷன் என்றால் இரண்டு. பின்னால் நடுவே இருக்கும் அந்த ஒன்றைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஹோஸின் மேல் அச்சிட்ட தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பத்து வருடம் கிடங்கில் கிடந்த புது ஹோஸ் புதுசு அல்ல. மரையில் ஒரு ஆபத்து உண்டு: மெட்ரிக் வண்டிகளில் எம்10, அதாவது 10 மில்லிமீட்டர் தடிமனில் 1 மில்லிமீட்டர் இடைவெளி மரை, பழைய பிரிட்டிஷ், அமெரிக்க வண்டிகளில் 3/8 அங்குலத் தடிமனில் அங்குலத்துக்கு 24 மரை. அங்குல நட்டு 9.5 மில்லிமீட்டர் தடிமன். மெட்ரிக் துளையில் லூசாக ஏறிவிடும், இறுக்கினால் இறுகியது போலவும் இருக்கும். ஒருநாள் கடுமையாக மிதிக்கும்போது பிடுங்கிக்கொள்ளும். பைப் முனையிலும் இரண்டு வடிவம்: ஒன்று உள்ளே மடித்த புனல், மற்றொன்று குமிழ். ஒன்றின் இருக்கையில் மற்றொன்று உட்காராது. பழைய ஹோஸையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம், மரை, இருக்கை வடிவம் மூன்றையும் ஒப்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். இரும்பு இழை போர்த்திய ஹோஸ் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பெடல் சற்று கெட்டியாகும், அவ்வளவே. இழைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது, தினசரி ஓட்டத்துக்கு நல்ல ரப்பர் ஹோஸே போதும் என்பது என் கருத்து.

கழற்றுவதற்கு முந்தின நாளே பைப் நட்டுகளைத் தூரிகையால் சுத்தம் செய்து துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். திறந்த பிறகு அந்த எண்ணெய் உள்ளே போகாதபடி துடைக்கவும். ரிங் ஸ்பேனரின் ஒரு பக்கம் வெட்டியது போன்ற பைப் நட்டு ஸ்பேனர் கட்டாயம் வேண்டும், 10 அல்லது 11 மில்லிமீட்டர். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் அந்த மெல்லிய நட்டின் மூலைகளை உருட்டிவிடும். முதலில் ஒரு நூலளவு இறுக்கும் திசையில் அசைத்துவிட்டுப் பிறகு தளர்த்தினால் துரு விடும். ஹோஸ் பக்கத்தை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். நட்டோடு பைப்பும் சேர்ந்து முறுக்கினால் நிறுத்துங்கள். முறுக்கிய பைப்பைத் திருப்பி நேராக்குவதில் அர்த்தமில்லை, அந்தத் துண்டைச் செம்பு-நிக்கல் பைப்பால் மாற்ற வேண்டியதுதான். இந்த இடத்தில்தான் ஒரு மணி நேர வேலை இரண்டு நாள் வேலையாகிறது, முன்கூட்டியே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பிளீடர் நிப்பிள்கள் திறக்கின்றனவா என்பதையும் ஹோஸைத் தொடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். எல்லாம் கழற்றிய பிறகு நிப்பிள் ஒடிந்தால் வண்டி அங்கேயே நிற்கும்.

திறந்ததும் டப்பா காலியாகாமல் இருக்க ஒரு வழி: பெடலை மூன்று நான்கு சென்டிமீட்டர் கீழே அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையைக் கொடுத்து நிறுத்துங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன், டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும் துளையைத் தாண்டிப் போய்விடுவதால் ஆயில் இறங்காது. பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஹோஸைக் கிளாம்ப் போட்டு நசுக்கி ஆயிலை நிறுத்துவதைச் சிலர் செய்வார்கள்; தூக்கிப் போடப் போகும் ஹோஸில் செய்யலாம், தங்கப் போகும் ஹோஸில் செய்யக் கூடாது, உள்குழல் விரிசல் விடும்.

புது ஹோஸைப் பொருத்தும்போது காலிப்பர் பக்கம் முதலில். மரை நேராகக் காலிப்பருக்குள் போகும் வகை என்றால் இறுக்கும்போது முழு ஹோஸும் சுற்ற வேண்டும், மறுமுனை அப்போது சுதந்திரமாக இருக்க வேண்டும். ஹோஸ் முனையில் உள்ள வளையத்தைத் துளையிட்ட போல்ட்டால் பிடிக்கும் பாஞ்சோ போல்ட் வகை என்றால் அந்த வளையத்தின் இரு பக்கமும் புதிய செம்பு வாஷர் ஒவ்வொன்று. பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கிக் கெட்டிப்பட்டது. அதன்பின் பிராக்கெட்டில் உட்கார வைத்து, கடைசியில் இரும்புப் பைப்பின் நட்டைக் கையால் பல மரை ஏற்றிவிட்டு ஸ்பேனர் போடுங்கள். பைப் நட்டுக்குப் பொதுவாக 12 முதல் 18 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். பாஞ்சோ போல்ட்டுக்கு மாடலுக்கு மாடல் வேறு, கையேட்டைப் பாருங்கள். கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் முனை நசுங்கி நிரந்தரமாகக் கசியும். ஹோஸின் நீளவாக்கில் ஒரு கோடோ எழுத்தோ இருக்கும். அது சுருள் சுற்றாமல் நேராக ஓட வேண்டும். பிறகு ஸ்டீயரிங்கை இந்தக் கடைசி வரை, அந்தக் கடைசி வரை திருப்புங்கள். சக்கரம் தொங்கும்போதும் வண்டி எடை ஏறியிருக்கும்போதும் பாருங்கள். எங்கும் இழுபடவோ டயரில் உரசவோ கூடாது.

அடுத்து ஏர் எடுப்பது, அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. பழைய ஆயில் என்பதால் நான்கு சக்கரத்திலும் புது ஆயில் வரும்வரை எடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் கையில் இருந்தால் நடுவில் தவிக்க வேண்டியிருக்காது. பின்னால் டிரம் என்றால் முதலில் ஷூவைச் சரியாக அட்ஜஸ்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஏரே இல்லாமலும் பெடல் ஆழமாகப் போகும், நீங்கள் ஏர் எடுத்துக்கொண்டே இருப்பீர்கள். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரம் முதலில். குறுக்கு இணைப்பு (ஒரு பக்க முன் சக்கரமும் மறுபக்கப் பின் சக்கரமும் ஒரே வழியில்) உள்ள வண்டிகளில் வரிசை மாறும், கையேடு சொல்வதே சரி. நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாய், மறுமுனை கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் திறந்து, ஓட்டம் நிற்கும் முன் மூடி, அதன் பிறகே பெடலை விடச் சொல்ல வேண்டும். ஐந்தாறு முறைக்கு ஒரு தரம் டப்பாவைப் பாருங்கள், காலியானால் முதலிலிருந்து.

இங்கே பழைய வண்டிக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள், கீழே ஒரு மரத்துண்டு வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் வருடக்கணக்கில் மேல்பாதியில்தான் ஓடியிருக்கும். கீழ்ப்பாதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். தரைவரை அழுத்தினால் ரப்பர் அதன் மேல் ஏறிக் கிழியும். நேற்றுவரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் ஏர் எடுத்த மறுநாள் போவதற்கு இதுதான் காரணம். பின் சக்கரத்துக்குச் சுமையைப் பார்த்து ஆயில் விடும் வால்வு இருந்தால், அச்சு தொங்கும்போது அது மூடிக்கொள்ளலாம். பின் அச்சுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுத்து எடை ஏற்றிவிட்டு ஏர் எடுங்கள். காலிப்பரை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தால் நிப்பிள் கீழே பார்க்கும், எவ்வளவு மிதித்தாலும் மேலே தங்கிய காற்று வராது. ஏபிஎஸ் உள்ள வண்டியில் டப்பா காலியாகிக் காற்று அதன் பெட்டிக்குள் போய்விட்டால், பல மாடல்களில் கணினிக் கருவி இல்லாமல் அதை எடுக்க முடியாது.

சிந்தியது பெயிண்ட்டில் பட்டால் துடைப்பதைவிட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுவதே நல்லது. கண்ணில் தெறித்தாலும் தண்ணீர்தான், நிறையத் தண்ணீர். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ கொடுக்க வேண்டாம்.

உங்கள் வண்டிக்கு நான் சொல்லும் வரிசை இது: இன்றே மேல்கோடு வரை நிரப்பி, டப்பாவின் வெளியே ஒரு கோடும் தேதியும் போடுங்கள். பின் டிரம் இரண்டையும் திறந்து பாருங்கள், அதன்பின் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கம், அதன்பின் கிளட்ச், பைப்புகள். கசிவு கிடைக்கும்வரை வண்டி நிற்கட்டும். ஆயில் ஓடும் வழி இரண்டு தனி வட்டமாகப் பிரிந்திருப்பதால் ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் பெடல் ஆழமாகப் போகும், நிற்கும் தூரமும் வெகுவாகக் கூடும். கசிவைச் சரிசெய்யும் அதே நாளில் ஹோஸ்களையும் மாற்றினால் ஒரே ஏர் எடுப்பில் இரண்டும் முடியும். இரும்புப் பைப் பல இடங்களில் அரித்திருந்தால், அல்லது பைப் முனை மடிக்கும் கருவி பழக்கமில்லை என்றால், அந்தப் பகுதியைத் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் என்ஜினை ஓட விட்டு, பெடலை பலமாக ஒரு நிமிடம் மிதித்திருக்க ஒருவரை உட்கார வைத்து, நீங்கள் திறந்த ஒவ்வொரு இணைப்பிலும் உலர்ந்த காகிதத்தை வைத்துப் பாருங்கள். ஆள் இல்லாத இடத்தில் நடை வேகத்தில் பலமுறை நிறுத்திப் பார்த்த பிறகே சாலைக்கு எடுங்கள். மறுநாள் காலையில் குளிர்ந்த வண்டியில் அதே காகிதச் சோதனை இன்னொரு முறை, ஒரு வாரம் கழித்து டப்பாவில் நீங்கள் போட்ட கோடு. ஆயில் அந்தக் கோட்டிலேயே நின்றால் கசிவை அடைத்துவிட்டீர்கள். ஒரு நூல் இறங்கியிருந்தாலும் தேடல் மறுபடி பின் டிரம்மிலிருந்து.